பிரேக் லைனர் மாத்துன மூணாம் நாளே தொப்பூர் ஏத்தத்துல கருகல் வாடை, பட்டறைல ஏமாந்த கதை

நாமக்கல் சேலம் பக்கத்து லாரிக்காரங்க, முக்கியமா என்னை மாதிரி ஒத்த வண்டிய வச்சுட்டு தானே ஓட்டுறவங்க, கொஞ்சம் நேரம் எடுத்து படிச்சிருங்க. பட்டறை பேரு போடல, போட்டா வம்பு வரும், ஆனா நடந்தது அப்படியே சொல்றேன்.

என்னோடது பத்து வீல் வண்டி, ஏர் பிரேக், எஸ் கேம் டிரம் (S மாதிரி இருக்குற கேம் திரும்பி லைனர டிரம்முல அழுத்துற வகை). பின்னாடி ரெண்டு ஆக்சில்லயும் லைனர் ரிவிட் தெரியுற அளவுக்கு தேஞ்சு போச்சுன்னு ஒரு பட்டறைல விட்டேன். லைனர், அதை டிரம்முல இருந்து திருப்பி இழுக்குற ரிட்டர்ன் ஸ்பிரிங், ரோலர், கேம் ஷாப்ட்டு உக்காந்து சுத்துற கேம் புஷ், டிரம் நாலும் லேத்ல கடைஞ்ச கூலி எல்லாம் சேர்த்து 21,400 ரூபா, வெள்ளைப் பேப்பர்ல எழுதி குடுத்தாங்க, ஜிஎஸ்டி நம்பர் எதுவும் இல்ல. ஓட்டிப் பார்த்தா பிரேக் கத்தி மாதிரி நிக்குது. சந்தோசமா காசு குடுத்துட்டு வந்துட்டேன், அங்கதான் முட்டாளானேன்.

மூணாம் நாள் லோடு ஏத்திட்டு ஓசூருக்கு கிளம்புனேன். சேலம் தாண்டும்போதே லேசா வாடை. பட்டறைக்காரருக்கு போன் போட்டா "புது லைனர்னா அப்படித்தாங்க, இருநூறு கிலோமீட்டர் ஓடுச்சுன்னா செட்டாயிரும்"னாரு. இது முழுப் பொய்யும் இல்ல, புது லைனர் டிரம்முல படியுற வரைக்கும் லேசா வாடை வரத்தான் செய்யும். தொப்பூர் ஏத்தத்துல வாடை ஜாஸ்தியாகி வண்டியும் இழுக்க மாட்டேங்குது, மறுபடி போன் போட்டா "கிளட்ச் பிளேட் வாடையா இருக்கும், பாருங்க"ன்னு வச்சுட்டாரு.

ஏத்தத்துல நான் பிரேக்கே மிதிக்கலயேங்க, அப்புறம் லைனர் வாடை எங்கிருந்து வரும்? கிளட்ச்னா வாடை கேபினுக்கு கீழ இருந்து அடிக்கும், இது கண்ணாடில பார்த்தா பின்னாடி புகையா தெரியுது. மேல ஏறுனதும் ஒரு டீக்கடை ஓரமா நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். மூணு பக்கம் கை பக்கத்துல கொண்டு போக முடியுது, கடைசி ஆக்சில் கிளீனர் சைடுல ஒரு முழம் தள்ளி நின்னாலே அனல் அடிக்குது, ஹப்புல இருந்து கிரீஸ் உருகி சொட்டுது. எங்க கிளீனர் பையன் ஒரு பக்கெட் தண்ணியோட ஓடி வந்தான், டீக்கடைக்காரர்தான் "டேய் ஊத்தாத, டிரம் வெடிச்சுரும்"னு தடுத்தாரு. அவரும் முன்னாடி லாரி ஓட்டுனவராம். ஹேண்ட் பிரேக்கும் போடாதீங்கன்னாரு, முன் வீலுக்கு கட்டை குடுத்துட்டு ரெண்டு மணி நேரம் ஆற விட்டோம்.

அவர் சொல்லி ஒரு மெக்கானிக் அண்ணன் தர்மபுரில இருந்து பைக்ல வந்தாரு. முதல்ல ஏர் மீட்டர் பார்த்தாரு, எட்டு கிலோ இருக்கு. ஏர் கம்மியா இருந்தா ஹேண்ட் பிரேக் ஸ்பிரிங் முழுசா விடாது, எல்லா பின் வீலும் இழுக்கும், இது அது இல்லன்னாரு. என்னை பெடல மிதிச்சு விடச் சொல்லிட்டு கீழ படுத்து பார்த்தாரு. மூணு சேம்பர்ல (ஏர் வந்து ராட வெளிய தள்ளுற டப்பா) புஷ் ராடு டக்குனு உள்ள போகுது, இது மட்டும் பாதில நிக்குது. ராடையும் ஸ்லாக் அட்ஜஸ்டரையும் சேர்க்குற பின்னை (pin) கழட்டுனதும் ராடு சுளுவா உள்ள போயிருச்சு, அப்ப சேம்பர்ல கோளாறு இல்ல. ஸ்லாக் அட்ஜஸ்டர (கேம் ஷாப்ட்ட திருப்புற கை, லைனர் இடைவெளியும் இதுலதான் வைக்கணும்) கையால அசைச்சா அசையவே இல்ல, கேம் ஷாப்ட்டே பிடிச்சிருக்கு.

டிரம் கழட்டவே அரை மணி நேரம் ஆச்சு. ஏன்னா ஓரத்துல வரப்பு மாதிரி பழைய மேடு அப்படியே நிக்குது, கடைஞ்சதா காசு வாங்குன டிரம்முங்க அது! உள்ள நீலம் பூத்து மயிர் மயிரா கீறல். கேம் புஷ் பழசு, கிரீஸ் ஒரு பொட்டு இல்ல. ரோலர் ஒரு பக்கம் தட்டையா தேஞ்சு கிடக்கு. ஸ்பிரிங்க நகத்தால சுரண்டுனேன், கறுப்பு பெயின்ட் உரிஞ்சு உள்ள துரு. லைனர் மட்டும்தான் புதுசு, அதுவும் கண்ணாடி மாதிரி பளபளன்னு கருகிப் போச்சு. போதாததுக்கு ஓட்டிப் பார்க்கும்போது பிரேக் நல்லா நிக்கணும்னு ஸ்லாக்க ஒட்ட டைட் வச்சிருக்காங்க, லைனர் டிரம்மைத் தொட்டதும் கொஞ்சம் பின்னாடி திருப்பி விடணும், அது கூட பண்ணல. மறுநாள் இதே தொப்பூர்ல லோடோட இறங்க வேண்டியவன் நான்.

டிரம், சீல், புஷ் எல்லாம் சேர்த்து இன்னும் 13,000 சொச்சம், ஒரு நாள் வாடகையும் போச்சு. திரும்பி வந்து பட்டறைல கேட்டா "உங்க டிரைவர் பிரேக் மேலயே கால வச்சு ஓட்டிருப்பான்"ங்கிறாரு. யோவ் டிரைவரே நான்தான்யான்னேன். கடைசில ரெண்டாயிரம் நீட்டுனாரு, வாங்கல.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு பேசிருக்கேன். லாரி வச்சு தொழில் பண்றவன் நுகர்வோர் இல்லன்னு சிலர் சொல்றாங்க, ஆனா 2019 சட்டத்துல சொந்தப் பிழைப்புக்காக தானே தொழில் பண்றவனும் வருவான். சிக்கல் என்னன்னா அந்த வெள்ளைப் பேப்பர்தான். பில்லு கேளுங்க, பழைய சாமானை கையோட வாங்கிக்கோங்க, மூடுறதுக்கு முன்னாடி டிரம்முக்குள்ள ஒரு போட்டோ எடுங்க, ஜாக்கில தூக்கி ஒவ்வொரு வீலா கையால சுத்திப் பார்த்துட்டு காசு குடுங்க.

மத்த மூணு பக்கமும் இன்னும் திறக்கல, அதுலயும் பெயின்ட் அடிச்ச ஸ்பிரிங்தான் இருக்கும். ஞாயித்துக்கிழமை தர்மபுரி அண்ணன்கிட்டயே வண்டிய விடுறேன், அது வரைக்கும் வண்டி வீட்டு முன்னாடிதான் நிக்குது.