நார்வேயின் தொடர்பு அலுவலரா, இங்கிலாந்தின் கீ வொர்க்கரா?

இரண்டு நாட்டிலும் சிறைக் காவலருக்குப் பூட்டு, சாவி, தலை எண்ணிக்கை தவிர இன்னொரு பொறுப்பும் உண்டு. சில கைதிகளை அவர் பெயரில் ஒதுக்கிவிடுவார்கள். அவர்களுடைய தண்டனைக்காலத் திட்டம், மனுக்கள், குடும்பத் தொடர்பு, விடுதலைக்குப் பிறகு தங்குமிடம் என எல்லாவற்றையும் அவர் உட்கார்ந்து பேச வேண்டும். நார்வேயில் இவருக்குத் தொடர்பு அலுவலர் என்று பெயர். இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் கீ வொர்க்கர். ஏட்டளவில் ஏறக்குறைய ஒரே வேலைதான். வேலையில் நிறைவு தருவது எது என்று கேட்டால், நார்வே ஏற்பாட்டைத்தான் சொல்வோம்.

நார்வே காவலர் இரண்டு ஆண்டு, சம்பளத்தோடு, உளவியல், சட்டம், குற்றவியல், அறநெறி படித்துவிட்டு வருகிறார். கைதியோடு பேசுவதுதான் தன் வேலை என்பதில் அவருக்குக் குழப்பமில்லை. இங்கிலாந்தில் பயிற்சி சில வாரங்களே. 2010-க்குப் பின் நடந்த ஆட்குறைப்பில் அனுபவசாலிகள் பெருமளவில் வெளியேறிவிட்டதால், புதியவருக்குப் பக்கத்தில் நின்று சொல்லித்தரவும் ஆள் குறைவு.

அடி விழுவது பணிப்பட்டியலில். இங்கிலாந்தில் கீ வொர்க், அதாவது ஒதுக்கப்பட்ட கைதியோடு உட்கார்ந்து பேசும் வேலையின், கணக்கு இது: ஒரு கைதிக்கு வாரம் சராசரியாக 45 நிமிடம், ஒரு காவலருக்கு ஏறக்குறைய 6 பேர். ஆக வாரம் நாலரை மணி நேரம். குறிப்பு எழுதும் நேரம் தனி. ஒரு கைதி மருத்துவமனையில் சேர்ந்தால் வழக்கமாக இரண்டு காவலர்கள் இரவும் பகலும் உடனிருக்க வேண்டும். 12 மணி நேர ஷிப்ட் என்றாலும் நாளொன்றுக்கு 4 பேர் போய்விடுகிறார்கள். தலை எண்ணிக்கையையோ சாப்பாட்டையோ நிறுத்த முடியாது. எனவே முதலில் அடிபடுவது கீ வொர்க். செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொன்னவர் வரவில்லை என்ற கோபத்தை, புதன்கிழமை அதே காவலர்தான் வாங்கிக்கொள்கிறார். அரைகுறையாக நடக்கும் கீ வொர்க், அது இல்லாததைவிட மோசம். குறையைச் சொல்லி வேலைநிறுத்தம் செய்யவும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் விடாது.

வேடிக்கை என்னவென்றால், கைதியை அறிந்து பழகுவதே பாதுகாப்பு என்ற கருத்தை 1980-களில் பெயர் வைத்து எழுதியவர் இங்கிலாந்துச் சிறை நிர்வாகி இயன் டன்பர்.

நார்வேயிலும் சிக்கல் உண்டு. ஆசிரியர், மருத்துவர், நூலகர் எல்லாரும் வெளியிலுள்ள பொது அமைப்புகளிலிருந்து வருவதால் காவலரின் சுமை குறைகிறதுதான். ஆனால் மனம்விட்டுப் பேசிய கைதியின் விடுப்பு மனுவுக்குப் பாதகமான கருத்தையும் அவரே எழுத வேண்டிவரும். அந்த இரட்டை வேடத்துக்கு எந்தப் பயிற்சியும் முழு மருந்தில்லை. அண்மை ஆண்டுகளில் நிதி குறைந்து, கைதிகள் அறைக்குள் பூட்டிக்கிடக்கும் நேரம் கூடிய சிறைகளில், அங்கும் இங்கிலாந்தின் புலம்பல் கேட்கத் தொடங்கிவிட்டது. அளவும் வேறு: நார்வேயில் கைதிகள் சுமார் 3,000 பேர், இங்கிலாந்து, வேல்ஸில் 80,000-க்கு மேல்.

இதில் எதைப் பின்பற்றினாலும் மருத்துவமனைக் காவலுக்கெனத் தனி இருப்பு ஆட்கள் வேண்டும். கைதிகள் தங்கும் பிளாக்கில் வேலை பார்ப்பவர்களை இழுக்கக் கூடாது. சந்திப்பு ரத்தானால் அன்றே கைதியிடம் சொல்லி மறு தேதி கொடுக்க வேண்டும். விடுப்பு மனுவில் இறுதிக் கருத்தை வேறொரு அலுவலர் எழுதட்டும்.