வேளையைப் பிரிப்பதா, குளிசையைக் கூட்டுவதா? லெவோடோபா இடையில் விட்டுப்போகும்போது

அம்மாவுக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்து ஒன்பது வருடங்கள் ஆகின்றன. முதல் ஐந்து வருடங்கள் லெவோடோபா குளிசை நாள் முழுவதும் தாங்கியது. பிறகு, வெள்ளவத்தை வீட்டில் காலை 6 மணிக்குப் போட்ட ஒன்றரைக் குளிசையின் வேலை 9.30 அளவிலேயே முடிந்துபோகத் தொடங்கியது: முதலில் இடது காலின் பெருவிரல் உள்ளே மடங்கும், பிறகு குரல் இறங்கும், அதன் பின் குசினி வாசற்படியில் பாதங்கள் நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த வேளையோ 11 மணிக்கு. அந்த ஒன்றரை மணித்தியாலத்தை நிரப்புவதற்கு நரம்பியல் வைத்தியர் எடுத்துச் சொன்ன வழிகளை, நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர் கண்ட அளவில் இங்கே ஒப்பிடுகிறேன்.

இதை மருந்து தோற்றுப்போனதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. லெவோடோபா இரத்தத்தில் பாதியாகக் குறைய ஒன்றரை மணித்தியாலம் அளவே போதும். ஆரம்ப வருடங்களில் மூளையின் நரம்பு முனைகள், லெவோடோபாவிலிருந்து உருவாகும், அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற இரசாயனத்தைச் சேமித்து வைத்துச் சிறுகச் சிறுக விடுவதால் அந்த ஏற்ற இறக்கம் உடம்பில் தெரிவதில்லை. அம்முனைகள் அழிய அழிய, இரத்தத்தில் மருந்து ஏறுவதும் இறங்குவதும் அப்படியே நடையில் தெரிகின்றன.

முதல் வழி, நாளுக்குரிய மொத்த அளவை மாற்றாமல் வேளைகளைப் பிரிப்பது. 150 மில்லிகிராம் வீதம் நான்கு வேளை என்பது எங்கள் வீட்டில் 100 வீதம் ஆறு வேளையானது. புதிய மருந்து இல்லை, புதிய செலவு இல்லை, கிளினிக்கில் தரும் அதே குளிசைதான். ஆனால் வேளைக்குரிய அளவு மிகச் சிறிதாகிவிட்டால் மருந்து பிடிக்காமலே போகலாம். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை மணி பார்த்துக் கொடுக்க ஒருவர் வீட்டில் இருக்கவும் வேண்டும். சாப்பாட்டு நேரத்தோடு மோதும் வேளைகளும் கூடுகின்றன. லெவோடோபாவும் புரதச் சத்தின் அமினோ அமிலங்களும் குடலிலிருந்து இரத்தத்துக்கும், இரத்தத்திலிருந்து மூளைக்கும் ஒரே வழியாகவே ஏறுகின்றன. மதியக் குளிசை சில நாட்களில் ஏன் பிடிக்கவில்லை என்று நாங்கள் வாரக்கணக்காகக் குழம்பினோம். வேளையையும் சாப்பாட்டையும் கொப்பியில் எழுதி வந்த பிறகே, மீன் குழம்பும் பருப்பும் சோறுமாகச் சாப்பிட்ட கையோடு குளிசை போட்ட நாட்கள் அவை என்பது புரிந்தது. இப்போது சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னதாகக் கொடுக்கிறோம். மீனை இரவுக்கு மாற்றிவிட்டோம். மலச்சிக்கலைக் கவனித்ததும் உதவியது.

இரண்டாவது வழியான மெதுவாகக் கரையும் குளிசை, பெயரில் தருகிற நம்பிக்கையைப் பகலில் தருவதில்லை. சாதாரணக் குளிசையில் உடம்புக்குச் சேருவதில் ஏறக்குறைய 70 சதவீதமே இதில் சேர்கிறது. பிடிக்க நேரமும் எடுக்கிறது. இரவில் புரண்டு படுக்க முடியாதவருக்குப் படுக்கும் வேளையில் கொடுப்பது வேறு விடயம். அங்கே இதற்கே என் வாக்கு. இதை நொறுக்கிக் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது, துணை மருந்து. என்டகபோன் 200 மில்லிகிராமை லெவோடோபா வேளையோடு சேர்த்துப் போட, லெவோடோபா இரத்தத்தில் சிதைவது குறைந்து அதன் வேலை நீள்கிறது. சிறுநீர் செம்மஞ்சளாக மாறுவதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, ஆனால் உடம்பு தானாக வளைந்து ஆடும் அசைவு கூடினால் லெவோடோபாவைக் குறைக்க வேண்டி வரும். மூளையில் டோபமின் சிதைவதைக் குறைக்கும் ரசாஜிலின் நாளுக்கு ஒரு குளிசையாக இருப்பதால் மணி பார்க்க ஆள் இல்லாத வீட்டுக்கு இலகுவானது. டோபமினைப் போலவே மூளையில் வேலை செய்யும் பிரமிபெக்ஸோலைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமே அதிகம்: திடீர்த் தூக்கமும், இல்லாத உருவங்கள் தெரிவதும், சூதாட்டம், கண்மூடித்தனமான செலவு போன்றவற்றில் அடக்க முடியாத உந்துதலும் அதனால் வரலாம். வயதானவரின் வீட்டார் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் நோயாளி வெட்கத்தில் வாய் திறக்க மாட்டார்.

1987இல் பிரான்ஸின் கிரெனோபிளில் சத்திரசிகிச்சை நிபுணர் பெனபிட்டின் குழுவினர் தொடங்கிய, மூளைக்குள் மின்முனை பதித்துத் தூண்டும் ஆழ்மூளைத் தூண்டல் சத்திரசிகிச்சையைப் பற்றி அம்மாவே கேட்டார். நடுக்கத்தை விட்டால், லெவோடோபாவுக்குப் பணியும் குறிகளுக்கே அது பெரும்பாலும் பயன்படும். குரலும் சமநிலையும் அதனால் திருந்துவது அரிது. எழுபத்து நான்கு வயதில், ஞாபக மறதியும் தொடங்கியிருக்கையில், வைத்தியர் அதை எங்களுக்கு ஒரு தெரிவாகவே வைக்கவில்லை.

பணமும் ஆளும் எப்படி இருந்தாலும் முதலில் வேளையைப் பிரித்துப் பார்ப்பதே முறை என்பது என் எண்ணம். அதன் பிறகும் மூன்று மணித்தியாலம் தாங்காதவருக்கே என்டகபோன். எதையும் வைத்தியரைக் கேளாமல் மாற்றக் கூடாது, லெவோடோபாவைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். வேளையைப் பிரித்ததில் அம்மாவின் காலை இடைவெளி நாற்பது நிமிடமாகக் குறைந்தது. பிற்பகல் 3 மணி வேளை மட்டும் இன்னும் நழுவுகிறது. அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோகும் கொப்பியில் அந்த வேளைகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருக்கிறேன்.