அணுகல் உரிமைப் புகாருக்கு ‘அரசுக் கட்டணம்’ கேட்டால் கொடுக்காதீர்கள்

நான் கணக்கு வைத்திருக்கும் பொதுத்துறை வங்கியின் கிளை, வாடகை ஒப்பந்தம் முடிந்ததும் தரைத்தளத்தைக் காலி செய்துவிட்டு, லிஃப்ட் இல்லாத கட்டடம் ஒன்றின் முதல் மாடிக்கு மாறியது. சக்கர நாற்காலியில் செல்லும் நான் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் காத்திருக்க, ஊழியர் ஒருவர் படிவத்தைக் கொண்டுவந்து, யாருடையதோ ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்துக் கையெழுத்து வாங்கிச் செல்வார். இதற்குப் புகார் அளிக்க வழி தேடியபோதுதான், மாற்றுத்திறனாளிகளின் வழக்குகளைக் குறைந்த செலவில் நடத்தித் தருவதாகச் சொன்ன ஒரு வழக்கறிஞர் அலுவலகம் அறிமுகமானது.

வழக்கறிஞரை நான் பார்த்ததே இல்லை. அவருடைய உதவியாளர் என்று சொல்லிக்கொண்டவர் வீட்டுக்கே வந்து, நோட்டீஸுக்கு ஆறாயிரம், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனுவைப் பதிவு செய்ய ‘அரசுக் கட்டணம்’ ஒன்பதாயிரம் என்று கணக்குச் சொல்லி, ரொக்கமாக வாங்கிக்கொண்டார். ரசீதை வழக்கு எண் வந்ததும் தருவதாகச் சொன்னார். வக்காலத்தோடு இரண்டு வெற்றுத் தாள்களிலும் கையெழுத்து வாங்கினார். பிழை திருத்த மறுபடி என்னை அலைக்கழிக்க வேண்டாமே என்பது அவர் சொன்ன காரணம்.

பலமுறை வற்புறுத்திய பிறகு நோட்டீஸின் நகல் வாட்ஸ்அப்பில் வந்தது. என் பெயரும் முகவரியும் சரியாகவே இருந்தன. மூன்றாவது பத்தியிலோ, செவித்திறன் குறைந்த கட்சிக்காரருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்யப்படவில்லை என்றிருந்தது. படிக்கட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டையைக் கேட்ட நாளிலிருந்து அவர் என் அழைப்பை எடுப்பதில்லை. வங்கி மேலாளரிடம் விசாரித்தபோது, நோட்டீஸ் எதுவும் வரவில்லை என்றும், உதவியாளர் மட்டும் நேரில் வந்து, ஒரு தொகை கொடுத்தால் பேசி முடித்துவிடலாம் என்று கேட்டதாகவும் சொன்னார். அதற்கு என் சம்மதம் என்று அவர் காட்டியது, நான் கையெழுத்திட்ட வெற்றுத் தாள்களில் ஒன்றுதான். அதில் இப்போது சமாதானக் கடிதம் தட்டச்சாகியிருந்தது.

பிறகு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இயங்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் சென்றேன். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 12ஆவது பிரிவில், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசச் சட்ட உதவி பெறும் தகுதியை அளிக்கிறது. வழக்கறிஞருக்கான கட்டணத்தை ஆணைக்குழுவே கொடுத்துவிடும். நேரில் செல்ல இயலாதவர்கள் 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். அங்கே எனக்கு அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் முதலில் சுட்டிக்காட்டியது, பொதுத்துறை வங்கி மத்திய அரசின் கீழ் வருவதால் என் புகார் செல்ல வேண்டிய இடம் மாநில ஆணையர் அலுவலகமே அல்ல, டெல்லியில் உள்ள தலைமை ஆணையர் அலுவலகம் என்பதைத்தான். இல்லாத கட்டணத்தை, சம்பந்தமில்லாத அலுவலகத்தின் பெயரைச் சொல்லி வாங்கியிருக்கிறார்கள்! இவ்விரு ஆணையர்களில் யாரிடம் புகார் அளிக்கவும் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி, ஆணையரின் பரிந்துரைமீது உரிய அதிகாரி நடவடிக்கை எடுத்து மூன்று மாதங்களுக்குள் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லையென்றால் அதற்கான காரணத்தையாவது சொல்ல வேண்டும். பரிந்துரைதானே என்று சிலர் அலட்சியமாகப் பேசுவார்கள். எழுத்துபூர்வமாகக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமே ஒரு வங்கி மேலாளரை அசைக்கப் போதுமானது என்பது என் கருத்து; என் புகார் அனுப்பப்பட்ட பிறகுதான் மேலாளர் கட்டட உரிமையாளரிடம் லிஃப்ட் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறார்.

இதே போல வெற்றுத் தாளில் கையெழுத்துக் கொடுத்தவர்கள் இருந்தால், வக்காலத்தை ரத்து செய்வதாகவும் அந்தத் தாள்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும் வழக்கறிஞருக்குப் பதிவுத் தபாலில் எழுதி, எதிர்த்தரப்புக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுங்கள். வக்காலத்தின் நகலில் உள்ள முத்திரையில் வழக்கறிஞரின் பதிவு எண் இருக்கும். அதைக் குறிப்பிட்டு, 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் 35ஆவது பிரிவின் கீழ் மாநில பார் கவுன்சிலில் நான் அளித்த புகார் நிலுவையில் இருக்கிறது. இதற்கிடையே அந்த உதவியாளர், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வழங்கும் முகாம்களின் வாசலில் நின்று விசிட்டிங் கார்டு கொடுத்துக்கொண்டிருப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள்.