பெங்களூர் ஹெச்எஸ்ஆர் லேஅவுட்ல ஒரு ஏஐ ரிசர்ச் வீக்கெண்ட் கிளாஸ்: சனிக்கிழமை வேஸ்ட், ஞாயித்துக்கிழமை வொர்த்

பேரு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன், இந்த மாதிரி போர்டு அந்த ஏரியால தெருவுக்கு ரெண்டு தொங்குது. பீஸ் 45 ஆயிரம், காலேஜ் பசங்கள ஏஐ ரிசர்ச்சுக்கு ரெடி பண்றோம்னு சொல்றாங்க. நான் இன்ஜினியரிங் மூணாவது வருஷம், ஓசூர்ல பஸ் ஏறி சில்க் போர்டுல இறங்கிப் போவேன், டிராபிக் பத்தி ஆரம்பிச்சா ரிவ்யூ முடியாது, விடுங்க.

சனிக்கிழமை கிளாஸ் சுத்தமா தேறாது. ஏதோ ஒரு கம்பெனியோட ஏஐய நம்ம ஆப்ல இருந்து கூப்பிட உதவுற ஏபிஐ கீ வாங்கி ஒட்டு, பிடிஎஃப் போட்டா பதில் சொல்ற ஆப் பண்ணு, அடுத்த வாரம் அதே ஆப்புக்கு வேற கலர். ஸ்டார்ட்அப் வேலைக்கு இது உதவும், இல்லைங்கல, ஆனா இதுக்கு ரிசர்ச்னு பேரு வெக்கிறது கொஞ்சம் ஓவர்.

ஞாயித்துக்கிழமை கதையே வேற. எடுக்கிறவர் சேலம் பக்கத்து சார், போர்டுல கன்னடப் பசங்களுக்கும் நமக்கும் மாத்தி மாத்தி ரெண்டு பாஷையிலயும் விளக்குவார். முதல்ல பேக்பிராப்பகேஷன (பதில்ல வந்த தப்ப பின்னாடியிருந்து கணக்குப் போட்டு மாடல திருத்துற முறை) பேப்பர்ல கையால போட வெச்சார், லேப்டாப்ப மூடுங்கப்பான்னு சொல்லிட்டு. அப்புறம் 2015ல கைமிங் ஹே டீம் போட்ட ரெஸ்நெட் பேப்பர எடுத்து, அதுல இருக்கிற, படம் என்னன்னு கண்டுபிடிக்கிற 20 லேயர் (அடுக்கு) மாடல நீங்களே எழுதி அதே எரர் நம்பர் கொண்டு வாங்கன்னார். சிஃபார்-10ங்கிற பத்து வகைப் படங்களோட டேட்டா, 50 ஆயிரம் டிரெய்னிங் படம், ஒவ்வொண்ணும் 32க்கு 32 பிக்சல் தான், மாடலும் 2.7 லட்சம் பராமீட்டர் (மாடல் கத்துக்கிற எண்கள்) தான், அதனால காகிள்ங்கிற சைட்ல கிடைக்கிற ஓசி ஜிபியுவே (ஏஐ கணக்கு வேகமா போடுற சிப்) தாராளமா போதும். பேப்பர்ல எரர், அதாவது டெஸ்ட் படத்துல தப்பா சொல்றது, 8.75 சதவீதம். சார் குடுத்த கோடுல அது வரவே வராது, ஏன்னா டிரெய்னிங் படத்த சுத்தி 4 பிக்சல் காலி ஓரம் சேர்த்து (பேட்), அதுலேர்ந்து வெட்டி எடுக்கிற (கிராப்) வரிய வேணும்னே தூக்கிட்டார் மனுஷன்! பேப்பர வரி வரியா படிச்சவன் மட்டும் தான் புடிச்சான். அதே பேப்பர்ல சாதா நெட்வொர்க்ல 20 லேயர விட 56 லேயருக்கு டிரெய்னிங் எரரே ஜாஸ்தி வரும், ஓவர்ஃபிட்டிங்னா (டிரெய்னிங் படத்த மனப்பாடம் பண்றது) டெஸ்ட்ல தானே அடி வாங்கணும், டிரெய்னிங்லயே ஏன் வாங்குதுன்னு கேட்டுட்டு பதில் சொல்லாம டீ குடிக்கப் போயிட்டார். எனக்கு ரிசர்ச்னா என்னன்னு புரிஞ்சதே அன்னைக்குத் தான்.

கடுப்பான விஷயம் ஒண்ணு இருக்கு. எக்ஸ்ட்ரா காசு குடுத்தா உங்க பேர்ல பேப்பர் பப்ளிஷ் பண்ணித் தர்றோம்ங்கறாங்க, ஏதோ ஒரு ஜர்னல், அனுப்பின மூணாவது நாளே அக்செப்ட் ஆயிடுமாம். வீட்ல வேணா காட்டிக்கலாம், விவரம் தெரிஞ்ச புரொபசர் பார்த்தா சிரிப்பார். அந்தக் காசுக்குப் பதிலா ஐசிஎல்ஆர்ங்கிற பெரிய ஏஐ கான்ஃபரன்ஸ் பேப்பர்களுக்கு வந்த நிபுணர் ரிவ்யூ எல்லாம் ஓப்பன்ரிவ்யூ சைட்ல சும்மாவே கிடக்கு, ரிஜெக்ட் ஆனதுக்கு என்ன காரணம் எழுதியிருக்காங்கன்னு படிங்க, அதுவே பெரிய கோச்சிங்.

காசு இல்லாதவங்க கவலப்படாதீங்க. லீனியர் அல்ஜீப்ராவுக்கு எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர்ல கில்பர்ட் ஸ்டிராங் வீடியோ, டீப் லேர்னிங்குக்கு (பல லேயர் மாடல்களப் பத்தின பாடம்) ஐஐடிக்காரங்களோட ஆன்லைன் பாட சைட் என்பிடிஇஎல்ல ஐஐடி மெட்ராஸ் மிதேஷ் கப்ரா வீடியோ, ரெண்டும் ஃப்ரீ. ஆனா தனியா உக்காந்து பார்த்தா பாதில தூங்கிடுவோம், ரெண்டு ஃப்ரெண்டாவது சேர்த்துக்கிட்டு ஒரு பேப்பர எடுத்து அதே நம்பர் வருதான்னு அடிச்சுக்கோங்க. பெங்களூர்ல இருக்கிறவங்களுக்கு இன்னொரு லாபம், ஐஐஎஸ்சில நடக்கிற ஆராய்ச்சிப் பேச்சு (டாக்) பத்தி டிபார்ட்மெண்ட் வெப்சைட்லயே போடுவாங்க. மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியா 2005லேர்ந்து இங்க தான் இருக்கு, டிகிரி முடிச்சதும் பிஎச்டிக்கு முன்னாடி அங்க ரிசர்ச் ஃபெல்லோவா சேர ஒரு வழியும் இருக்கு, என் சீனியர் அக்கா ஒருத்தங்க அதுக்குத் தான் இப்ப ராப்பகலா ரெடியாகிட்டு இருக்காங்க.

என் ரேட்டிங் அஞ்சுக்கு ரெண்டரை. சேரணும்னே இருந்தா ஞாயிறு மட்டும் வர்றேன், பாதி பீஸ் தர்றேன்னு பேசிப் பாருங்க, எங்க பேட்ச்ல ஒரு பொண்ணு அப்படித் தான் சேர்ந்தா, ரிசப்ஷன்ல ஒத்துக்கல, நேரா சார்கிட்ட போய்க் கேட்டா. டெமோ கிளாஸ் ஃப்ரீ தான், ஆனா சனிக்கிழமைக்குத் தான் கூப்பிடுவாங்க, ஞாயிறு வர்றேன்னு புடிவாதமா சொல்லுங்க.