பாமினிக்குள் கிடக்கும் சட்டம்: பொலிஸ் சீர்திருத்தம் பற்றி ஆறு வருட இணைய வாசிப்பு

போன மாதம் என் மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. வெள்ளவத்தையில் கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு, உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. பழுது பார்த்த தம்பி மூன்று நாள் முயன்றுவிட்டு, "அண்ணே, படங்கள் கொஞ்சம் எடுக்கலாம், மற்றது வராது" என்று கையை விரித்தார். அந்த மற்றதில்தான் ஆறு வருடமாக நான் சேர்த்து வைத்த பொலிஸ் கோப்புகள் எல்லாம் இருந்தன. சட்டங்கள், தீர்ப்புகள், வெளிநாட்டு ஆணைக்குழு அறிக்கைகள், பயிற்சிக் கையேடுகள். புது டிஸ்க் போட்டு வந்த அதே கிழமை, சட்டம் படிக்கத் தொடங்கியிருக்கும் நண்பரின் மகள் கேட்டாள்: "மாமா, பொலிஸ் சீர்திருத்தம் பற்றி இணையத்தில எங்க படிக்கிறது? ஒரு லிஸ்ட் அனுப்புங்க." லிஸ்டும் டிஸ்க்கோடு போயிருந்தது. ஐந்து இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்பத் தேடி இறக்கினேன். எது நிலைத்திருக்கிறது, எது காணாமல் போனது, எது இருந்தும் இல்லாத மாதிரி இருக்கிறது என்று தெளிவாகத் தெரிந்தது அந்த ஐந்து இரவில்தான்.

நான் சட்டத்தரணி இல்லை. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றுக்கும் இடையில் மொழிபெயர்த்துச் சீவிக்கிறவன். தெரிந்தவர் யாராவது பொலிஸ் நிலையம் போகவேண்டி வந்தால் கூடப் போவேன். ஆனால் இந்த விஷயத்தில் அக்கறை வந்தது அதற்கு முந்தி. 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி நகரத்துக்கு வெளியே அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான மையம் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவில் மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது. எந்தச் சட்டத்தின் எந்த வரியைப் பிடித்து அதை நிறுத்தினார்கள் என்று தெரிந்துகொள்ளவேண்டும் என்று அன்றைக்கு வந்த ஆசை இன்னும் விடவில்லை.

சரி, நல்லதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நல்லது நிறைய இருக்கிறது.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் வட அயர்லாந்திலிருந்து வந்தது. அல்ஸ்ரர் பல்கலைக்கழகத்தின் கெய்ன் என்ற ஆவணத் தளம் 1990களில் தொடங்கியது. பக்கங்கள் மிக எளிமையானவை, அலங்காரம் எதுவும் இல்லை, வெள்ளவத்தையில் மழை நேரத்து இணைப்பிலும் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். வட அயர்லாந்துப் பொலிசை எப்படி மாற்றுவது என்று ஆராய்ந்து 1999 செப்டெம்பரில் வெளிவந்த பட்டன் ஆணைக்குழு அறிக்கை அங்கே முழுதாக இருக்கிறது. அந்த நேரம் அங்கிருந்த பொலிஸ் படையில் கத்தோலிக்கர் ஏறத்தாழ 8 சதவீதம், சனத்தொகையிலோ நாற்பதுக்கு மேல். ஒரு சமூகம் தன்னைக் காக்கும் படையில் தன்னையே காணாவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்த அறிக்கை ஒளிக்காமல் பேசுகிறது. 175 பரிந்துரைகள், ஒவ்வொன்றுக்கும் இலக்கம். படையின் பெயர், இலச்சினை, சத்தியப்பிரமாணம், ஆட்சேர்ப்பு, மேற்பார்வை எல்லாம் அதில் வரும். 2001 நவம்பரில் பெயரே மாறியது. புதிதாகச் சேர்ப்பவர்களில் பாதிப்பேர் கத்தோலிக்கராக இருக்கவேண்டும் என்ற விதி 2011 வரை நடைமுறையில் இருந்து, அவர்கள் பங்கு முப்பது சதவீதத்துக்குக் கிட்ட வந்தது. அந்த விதியால் தகுதியிருந்தும் வேலை கிடைக்காமல் போன கத்தோலிக்கரல்லாத இளைஞர்களும் இருந்தார்கள், அதையும் சேர்த்துத்தான் வாசிக்கவேண்டும். எனக்கு அதைவிடப் பிடித்தது என்னவென்றால், பரிந்துரைகள் நிறைவேறுகின்றனவா என்று பார்க்கவென்றே ஒரு மேற்பார்வை ஆணையாளரை நியமித்து, 2007 வரை அறிக்கை மேல் அறிக்கையாக, இது முடிந்தது, இது பாதியில் நிற்கிறது, இதைத் தொடவே இல்லை என்று எழுதினார்கள். மூன்று தடவை முழுதாக வாசித்திருக்கிறேன், நாலாவது தடவையும் வாசிப்பேன்.

ஏனென்றால் நம்முடைய கதை வேறு மாதிரி. 2001இல் இலங்கை அரசியலமைப்பின் 17ஆம் திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவைக் கொண்டுவந்தது, 2010இல் 18ஆம் திருத்தம் அதன் பலத்தைப் பிடுங்கியது, 2015இல் 19ஆவது திருப்பிக் கொடுத்தது, 2020இல் 20ஆவது அந்த ஆணைக்குழுவுக்கு ஆட்களைப் பரிந்துரைக்கும் அரசியலமைப்புப் பேரவையையே எடுத்துவிட்டது, 2022இல் 21ஆவது மீண்டும் கொண்டுவந்தது. இவ்வளவு இழுபறிக்கும் அடியில் 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் அப்படியே இருக்கிறது. இந்த வரிசையை ஒரே பக்கத்தில், தமிழில், எது எப்போது மாறியது என்று காட்டும் ஓர் இடத்தை இந்த ஆறு வருடத்தில் நான் காணவில்லை.

அடுத்தது அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஓர் ஆய்வு மையம், பிரச்சினைகளை மையமாக வைத்துப் பொலிஸ் வேலை செய்வது பற்றியது. அமெரிக்கப் பேராசிரியர் ஹேர்மன் கோல்ட்ஸ்ரைன் 1979இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வளர்ந்த சிந்தனை அது: பொலிஸ் எத்தனை பேரைப் பிடித்தது என்று எண்ணாதே, எந்தப் பிரச்சினை குறைந்தது என்று பார். எழுபதுக்கும் மேற்பட்ட கையேடுகள், எல்லாம் இலவசம். சைக்கிள் திருட்டு, குடும்ப வன்முறை, காரில் சத்தமாகப் பாட்டுப் போடுவது வரைக்கும் தனித்தனிப் புத்தகம். ஒவ்வொன்றின் கடைசியிலும் ஓர் அட்டவணை வரும்: இந்த வழி எப்படி வேலை செய்கிறது, எப்போது நன்றாக வேலை செய்யும், எதைக் கவனிக்கவேண்டும். அமெரிக்க ஊர்களை மனதில் வைத்து எழுதியது, தரவைப் பிரித்துப் பார்க்க ஆள் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. இருந்தாலும் அந்த அட்டவணைக்காகவே சேமித்து வைக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. லண்டன் பொலிசை உருவாக்கிய ரொபர்ட் பீல் 1829இல் எழுதிய ஒன்பது கொள்கைகள் என்று எங்கு பார்த்தாலும் இருக்கும். இன்று பரவலாகச் சுற்றும் அந்த ஒன்பது அம்சப் பட்டியல் பீல் எழுதியதல்ல, இருபதாம் நூற்றாண்டில் ஒரு வரலாற்றாசிரியர் வழியாக வந்த வடிவம். கட்டுரையில் மேற்கோள் காட்டுகிற பிள்ளைகள் கவனம்.

தமிழ் என்று வந்தால் நூலகம் என்ற இணைய ஆவணத் தளம் இருக்கிறது, பழைய இதழ்கள், நாளிதழ்கள், துண்டுப் பிரசுரங்கள். பெரும்பாலும் பக்கங்களைப் படமாக ஸ்கேன் பண்ணியவைதான், ஆனால் அவை இருக்கின்றனவே, அதற்கு நன்றி சொல்லவேண்டும். மாற்றம் தளத்தில் வருகிற கட்டுரைகள் யுனிகோடில் இருப்பதால் ஒரு சொல்லைப் போட்டால் கிடைக்கும். இவை இரண்டையும் விட்டால் தமிழில் கிடைப்பது பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சரக்கு. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் காவல்துறை, நமக்குப் பொலிஸ், இது யாருக்கும் தெரியும். ஆனால் அவர்கள் உயர் நீதிமன்றம் என்றால் சென்னையில் இருப்பது, அதற்கு மேலே டெல்லியில் உச்ச நீதிமன்றம். நாங்கள் உயர் நீதிமன்றம் என்றால் அதுதான் நாட்டின் உச்சம், அவர்கள் உயர் நீதிமன்றம் என்று சொல்கிற ஹைகோர்ட்டின் பெயர் நம்மிடம் மேல் நீதிமன்றம். ஒரே சொல், இரண்டு நாடு, இரண்டு படி. "உயர் நீதிமன்றம் பொலிஸ் சித்திரவதை தீர்ப்பு" என்று தேடுகிற பிள்ளைக்கு எந்த நாட்டுச் சட்டம் கையில் வருகிறது என்றே தெரியாது. போன வருடம் கொட்டாஞ்சேனையில் ஓர் இளைஞன் முறைப்பாடு கொடுத்துவிட்டு "எஃப்.ஐ.ஆர். கொப்பி தாங்க" என்று விடாப்பிடியாக நின்றான், எஃப்.ஐ.ஆர். என்பது இந்தியாவின் முதல் தகவல் அறிக்கை, அதைக் கேட்டு வாங்கச் சொல்லி யூடியூபில் மதுரைச் சட்டத்தரணி ஒருவர் சொன்னாராம். அந்தப் பையனில் பிழை இல்லை. அவனுக்குப் புரிகிற மொழியில் உரிமையைச் சொல்லிக்கொடுக்க இந்தப் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை, அந்தப் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டான். இத்தனைக்கும் இந்தியாவிலேயே பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் 2024 ஜூலை 1 முதல் புதியது வந்துவிட்டது, பழைய பிரிவு இலக்கங்களோடு எத்தனையோ வீடியோக்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பொலிஸ் சீர்திருத்தம் கேட்டுப் போட்ட பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டெம்பர் 22ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் கொடுத்த ஏழு கட்டளைகளை வாசிக்கவேண்டும், கட்டாயம் வாசிக்கவேண்டும். ஆனால் அது அவர்களுடைய வீட்டு வரைபடம், அதை வைத்து நம் வீட்டில் கதவு தேடக்கூடாது.

இனி என்னை ஆறு வருடமாக அரித்துக்கொண்டிருப்பது.

நம் அரசியலமைப்பின் 23ஆம் உறுப்புரை சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் இயற்றப்பட்டு வெளியிடப்படவேண்டும் என்கிறது, ஆங்கிலம் அதன் மொழிபெயர்ப்பு. அதாவது நான் வாசிக்கிற தமிழ்ச் சட்டம் சட்டமே, மொழிபெயர்ப்பு இல்லை. (முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று சட்டங்களின் கடைசியில் ஒரு பிரிவு வழக்கமாக வரும், அது வேறு வழக்கு.) இப்போது இணையத்தில் போய்ப் பாருங்கள். ஆங்கிலத்தில் எந்தச் சொல்லைப் போட்டாலும் பிரிவு, உபபிரிவு வரைக்கும் கொண்டுபோய் விடுகிறது. தமிழில் போட்டால் ஒன்றுமில்லை. ஆவணம் இல்லை என்பதால் அல்ல. ஆவணம் இருக்கிறது. நான் அடிக்கடி போகிற ஒரு தளத்தில் பிடிஎஃப் அழகாகத் திறக்கும், கண்ணுக்குத் தமிழ் தெரியும். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போர்த்தும் பாமினி வகை எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பதால் உள்ளே இருப்பது தமிழ் இல்லை. "பொலிஸ்" என்று தெரிகிற சொல்லை நகலெடுத்து ஒட்டினால் என், ஜி, எச், வை, பி என்று ஐந்து ஆங்கில எழுத்து, பிறகு ஒரு சதுர அடைப்பு, ஒரு அரைப்புள்ளி. இயந்திரத்துக்கு அந்தச் சட்டத்தில் பொலிஸ் என்ற சொல்லே கிடையாது. முறைப்பாடு கிடையாது, கைது கிடையாது. பார்வையில்லாத ஒருவர் திரை வாசிப்பானைப் போட்டால் அது அந்த ஆங்கில எழுத்துகளைத்தான் வாசிக்கும்.

நியாயமாகப் பேசவேண்டும் என்று பார்க்கிறேன். பழைய ஆவணங்கள் யுனிகோட் பரவ முந்தித் தட்டியவை, அதை யாரும் குறை சொல்லமுடியாது. ஆட்கள் போதாது, காசு போதாது, தெரியும். ஆனால் பாமினியை யுனிகோடாக மாற்றும் கருவிகள் எத்தனை வருடமாக இலவசமாகக் கிடக்கின்றன! நானே ஒரு சட்டத்தை ஒரு பின்னேரத்தில் மாற்றினேன். எழுத்துப்பிழை பார்க்கத்தான் இன்னும் இரண்டு நாள் போனது.

ஏன் இவ்வளவு கோபம் என்றால், ஒரு நாள் நடந்தது இது. எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. தொலைபேசி பறிகொடுத்த ஒரு அக்காவோடு போயிருந்தேன். அவர் தமிழில் சொல்ல, எழுதியவர் சிங்களத்தில் எழுதினார், முடிந்ததும் கையெழுத்துக் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது: வாயால் கொடுக்கும் தகவலை எந்த மொழியில் கொடுக்கிறார்களோ அந்த மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்டவேண்டும். உத்தியோகத்தரால் அந்த மொழியில் எழுத முடியாவிட்டால் தகவல் கொடுப்பவரையே எழுதித் தரச் சொல்லவேண்டும். அதுவும் முடியாவிட்டால்தான், காரணத்தைப் பதிந்துவிட்டு, வேறு தேசிய மொழியில் எழுதி, அவருக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்லவேண்டும். நான் இதைச் சொன்னேன். அந்த உத்தியோகத்தர் கோபிக்கவில்லை, நல்ல மனிதர், "எங்கே, காட்டுங்கள் பார்ப்போம்" என்றார். போனில் தேடினேன். தமிழில் வரவில்லை. ஆங்கிலம் ஐந்து விநாடியில் வந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. சிங்களத்திலும் தமிழிலும் இயற்றிய ஒரு சட்டத்தை, சிங்களம் பேசும் ஒருவரும் தமிழ் பேசும் ஒருவரும் நானும் ஆங்கிலத்தில் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு நான் வரிக்கு வரி இரண்டு மொழியிலும் சொன்னேன். அவர் அக்காவிடம் ஒரு தாளைக் கொடுத்துத் தமிழிலேயே எழுதச் சொன்னார். எழுதினார், ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்துக்கு மூன்று மணித்தியாலம்.

லிஸ்ட் கேட்ட அந்தப் பிள்ளைக்கு என்ன சொன்னேன்? முதலில் பட்டன் அறிக்கை, அப்புறம் கோல்ட்ஸ்ரைன், அதோடு நம் உயர் நீதிமன்றம் 2003இல் சிறியானி சில்வா வழக்கில் கொடுத்த தீர்ப்பு. அரசியலமைப்பில் உயிர்வாழும் உரிமை என்று ஒரு வரியும் இல்லாதபோது, பொலிஸ் காவலில் சித்திரவதைக்குள்ளாகிப் பிறகு இறந்தவரின் மனைவி கொண்டுவந்த வழக்கில் அந்த உரிமை உள்ளே அடங்கியிருக்கிறது என்று நீதிமன்றம் வாசித்தது. இவை மூன்றும் ஆங்கிலத்தில் இருக்கின்றன, அவளால் வாசிக்கமுடியும். படிப்புக்கு இந்த இணையம் போதும், தாராளமாகப் போதும். நான் வாங்கிய எந்தப் புத்தகத்தைவிடவும் அதிகம் தந்திருக்கிறது.

ஆனாலும் எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் ஒன்றுதான் கொடுப்பேன். நாளைக்குக் காலையில் பொலிஸ் நிலையம் போகவேண்டிய தமிழ் ஆளுக்கு இதில் எதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். வட அயர்லாந்தின் பெல்பாஸ்டைப் பற்றி எல்லாம் தெரியலாம், கொட்டாஞ்சேனையில் தன் முறைப்பாடு எந்த மொழியில் எழுதப்படவேண்டும் என்பதைத் தன் மொழியில் தேடி எடுக்கமுடியாது.

109ஆம் பிரிவை யுனிகோடில் தட்டி, அச்சுப் பிரதியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, அவளுக்கும் அந்த அக்காவுக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். வாக்குமூலம் எழுதுவது பற்றிய 110ஆம் பிரிவு பாதி முடிந்திருக்கிறது. கைதானவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோவது பற்றிய 37ஆம் பிரிவை ஞாயிற்றுக்கிழமை தட்டுவேன். இந்தத் தடவை இரண்டு பென் டிரைவில்.