"ஒண்ணுதான் கூவும், மத்தது அடங்கிக் கிடக்கும்" என்று சொல்லிச் சேவல் விற்கிறார்கள், கவனம்

வீட்டுக்குப் பின்னால் நாட்டுக்கோழி விடலாம் என்று வாட்ஸ்அப் குழுக்களில் குஞ்சு தேடுகிறவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அடுத்த வீட்டுச் சுவரை ஒட்டிக் கூண்டு வைக்கப்போகிறவர்கள் கட்டாயம் படியுங்கள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவரிடம் சிறுவிடை என்ற சின்ன உடம்பு நாட்டுக்கோழி வகையில் இரண்டு மாதக் குஞ்சுகள் வாங்கினேன். எட்டுப் பெட்டை, இரண்டு சேவல் என்று பேச்சு. பெட்டைக்கு விலை கூடுதல். "கொண்டையைப் பார்த்தே சொல்லிடுவேன் அக்கா, இருபது வருஷமா இதுதான் தொழில்" என்றார். நான்காவது மாதம் தாண்டியதும் பத்தில் ஆறு சேவல் என்று தெரிந்தது. அவ்வளவு அனுபவம் உள்ளவருக்கு இது தெரியாமல் நடந்திருக்க வாய்ப்பே இல்லை. கழிக்க வேண்டிய சேவல்களைப் பெட்டை விலைக்குத் தள்ளிவிட்டார்.

போன் செய்து கேட்டால், "ஒண்ணா வளர்ந்த சேவல் அக்கா, பயப்படாதீங்க. பெரியது ஒண்ணுதான் கூவும், மத்ததெல்லாம் அடங்கிக் கிடக்கும்" என்றார். இந்தப் பேச்சைப் பற்றித்தான் முக்கியமாக எச்சரிக்க வேண்டும். பாதி உண்மை இருப்பதால் கேட்பவர்கள் எளிதில் நம்பிவிடுகிறார்கள்.

சேவல்களுக்குள் மேல் கீழ் வரிசை உண்டு என்பது சரி. சிம்முரா, யோஷிமுரா என்ற ஜப்பானிய ஆய்வாளர்களும் அவர்களுடைய குழுவினரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், விடியலில் முதலில் கூவுவது வரிசையில் மேலே இருக்கும் சேவல்தான் என்று காட்டினார்கள். ஆனால் மற்றவை சும்மா இருப்பதில்லை. அடுத்தது, அதற்கடுத்தது என்று வரிசைப்படி எல்லாமே கூவும். மேலே இருந்ததைப் பிரித்துவிட்டால் இரண்டாவது சேவல் முதல் கூவலை எடுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டிலும் அதேதான். நாலு மணி வாக்கில் பெரியது தொடங்கும், அது நிறுத்துவதற்குள் அடுத்தது. ஆறும் முடித்த பிறகு தெருக்கோடி வீட்டுச் சேவல் ஒன்று பதில் கொடுக்கும், உடனே இங்கே மறுபடி முதலிலிருந்து. "இது என் இடம்" என்று சொல்வதுதானே கூவலே, கேட்ட சேவல் சும்மா இருக்குமா? சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை. அந்தத் தாயின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மறுபடி அவரைக் கூப்பிட்டேன். பெரியதை எடுத்துக்கொண்டு "சத்தமே போடாத" சேவல் ஒன்றைத் தருவதாகச் சொல்லி, அதற்கும் பணம் வாங்கினார். அப்புறம்தான் உண்மையான தொல்லை. புதுச் சேவல் உள்ளே வந்ததும் பழைய வரிசை கலைந்தது. கொண்டை கிழிந்து ரத்தம், ஒன்றுக்குக் கண் வீங்கிவிட்டது. கூவலும் பகல் முழுக்க நீண்டது. இடம் யாருடையது என்று முடிவாகும்வரை அவை விடாது.

கூண்டைத் தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னதும் அவர்தான். இருட்டு வைத்தால் சத்தம் கொஞ்சம் தள்ளிப்போகும், நிற்காது. அதே ஆய்வாளர்கள் 2013-இல் காட்டியது இதைத்தான்: விடியல் வெளிச்சமே இல்லாத மங்கிய அறையிலும் சேவல் தன் உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தை வைத்துக் கூவுகிறது. நம் ஊர் வெயிலில் காற்றோட்டம் இல்லாமல் மூடினால் கோழி செத்துப்போகும், அதையும் அவர் சொல்லவில்லை.

கடைசியாகக் கழுத்துப் பட்டை ஒன்றை விற்றார். தயவுசெய்து இதை மட்டும் வாங்காதீர்கள். கூவும்போது சேவல் காற்றுப்பைகளிலிருந்து ஒரே வீச்சில் காற்றைத் தள்ளுகிறது. பட்டை அந்த வீச்சைக் குறைக்கும், ஆனால் கொஞ்சம் இறுகினால் மூச்சும் இரையும் சேர்ந்தே தடைபடும். கட்டிய அன்றே ஒரு சேவல் வாயைப் பிளந்துகொண்டு திணறியது, இரைப்பையில் தீவனம் அப்படியே நின்றது. உடனே அறுத்து எறிந்தேன்.

பெட்டை வேண்டுமென்றால் முட்டைப் பருவத்தை நெருங்கிய கோழியாகக் கேளுங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. மூன்று நான்கு மாதமாகிவிட்டால் கழுத்து இறகையும் வாலுக்கு முன்னால் முதுகில் இருக்கும் இறகையும் விரித்துப் பாருங்கள். நுனி கூராக, நீளமாக, பளபளப்பாக இருந்தால் சேவல், உருண்டையாக இருந்தால் பெட்டை. இரண்டு மாதக் குஞ்சுதான் கிடைக்கிறது என்றால், கொண்டை முன்னதாகவே சிவந்து பெருத்ததையும் கால் தடித்ததையும் ஒதுக்குங்கள். சேவலாக மாறினால் திரும்ப எடுத்துக்கொள்வதாக வாட்ஸ்அப்பிலேயே எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். முட்டை மட்டும் போதுமென்றால் அந்த ஒன்றுகூடத் தேவையில்லை, சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும்.

சேவல்களை ஊருக்கு வெளியே தோட்டம் வைத்திருக்கும் உறவினர் வாங்கிக்கொண்டார். பண்ணைக்காரர் ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தரவில்லை, என் எண்ணையும் பிளாக் செய்துவிட்டார். "எட்டுப் பெட்டை, ரெண்டு சேவல், சத்தம் தொல்லை இல்லை" என்ற விளம்பரம் மட்டும் இன்னும் குழுவில் வந்துகொண்டிருக்கிறது.