பழைய 207-க்குப் புது வயரிங்: ரூ.17,400, ஒன்பது நாள்

வலங்கைமான் பக்கம் பந்தல் சாமானும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிறேன். வண்டி டாடா 207 டி.ஐ., 2004 மாடல். அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நாற்காலி, அண்டா, ஜமுக்காளம் என்று ஏற்றிக்கொண்டு கும்பகோணம், குடவாசல், மன்னார்குடி வரை ஓடும். இன்ஜினைக் குறை சொல்ல எதுவும் இல்லை. வயரிங்தான் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தது.

மார்கழியில் எங்களுக்கு வேலை கிடையாது, வண்டி சும்மா நிற்கும். ஐந்து நாள் நின்றால் பேட்டரி இறங்கிவிடும். ஆடியிலும் இதே கதைதான். பேட்டரியை மாற்றினேன், அதுவும் இறங்கியது. வேறு ஊரில் ஒருவர் ரூ.3,000 வாங்கிக்கொண்டு ‘எல்லாம் சரி பண்ணிட்டேன்’ என்றார். பழைய டேப்புக்கு மேல் புது டேப் சுற்றியிருந்தார், அவ்வளவுதான்.

தை முதல் முகூர்த்தத்துக்கு மன்னார்குடிக்கு லோடு. நீடாமங்கலம் ரயில்வே கேட் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேட் போட்டார்கள், டீசல் வீணாகிறதே என்று வண்டியை அணைத்தேன். கேட் திறந்தது. இன்ஜினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் ‘டக்’ என்றது, அதோடு சரி. பின்னால் பஸ், லாரி, அத்தனை ஹாரனும் என் முதுகில். என் ஹாரனும் வேலை செய்யவில்லை, பதிலுக்கு அடிக்கக்கூட வழியில்லை. நாலு பேர் தள்ளித்தான் கிளம்பியது. தள்ளியவர்களில் ஒரு டிராக்டர் டிரைவர்தான் இந்தப் பட்டறையைச் சொன்னார்.

மன்னார்குடி போகிற சாலையில் பெயர்ப்பலகை இல்லாத தகரக் கொட்டகை. வாசலில் பழைய டைனமோக்கள் குவிந்து கிடக்கும், அதுதான் அடையாளம். மேஸ்திரிக்கு அறுபது வயது இருக்கும். கூட ஒரு பையன்.

முதலில் எதையும் பிரிக்கவில்லை. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி மைனஸைக் கழற்றி நடுவில் மீட்டரைக் கோத்தார். 0.6 ஆம்ப் காட்டியது. எல்லாம் அணைந்திருக்கும்போதே இவ்வளவு போகிறது. 24 மணி நேரத்தால் பெருக்கினால், ஒரு நாளைக்குப் பதினாலு ஆம்ப்-அவருக்கு மேல். என் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 80 ஆம்ப்-அவர். ஐந்து நாள் கணக்கு அப்போதுதான் விளங்கியது. பாட்டுப் பெட்டிக்கு நேராக பேட்டரியிலிருந்து போன ஒயர், டேஷ்போர்டுக்குள் தகரத்தில் உரசித் தோல் போய்க் கிடந்தது.

அப்புறம் டேஷ்போர்டைக் கழற்றினார். உள்ளே வைக்கோல், உமி, ஒரு எலிக் கூடு. அறுப்பு முடிந்ததும் வயல் எலிகள் எங்கே போகும்? நான் வண்டி நிறுத்துவது வைக்கோல் போருக்குப் பக்கத்தில். ஃபியூஸ் இருக்க வேண்டிய ஓரிடத்தில் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித் தாள். அது யார் வேலையோ. அடுத்ததாக, பச்சையும் மஞ்சளும் முறுக்கிய மெல்லிய ஒயர் ஒன்றை வெளியே இழுத்தார்.

“தம்பி, இது யாரு போட்ட ஒயரு?”

“நான்தான் மேஸ்திரி.”

பந்தலில் விளக்குத் தோரணம் கட்டுகிற சீரியல் செட் ஒயர். ராத்திரி சாமான் இறக்க வசதியாகப் பின்னால் ஒரு ஃபோகஸ் லைட் போட்டிருந்தேன். தெருவையே ஜொலிக்க வைக்கிற ஒயர் ஒரு லைட்டைத் தாங்காதா என்ற எண்ணம். அவர் திட்டவும் திட்டினார், விளக்கவும் செய்தார். வீட்டுக் கரண்டு 230 வோல்ட். அதில் 60 வாட் பல்பு கால் ஆம்ப்தான் இழுக்கும். வண்டியில் 12 வோல்ட். அதே 60 வாட்டுக்கு 5 ஆம்ப் வேண்டும். வோல்ட் குறைந்தால் ஆம்ப் ஏறும், ஒயர் தடிக்க வேண்டும். இருபது வருஷமாக ஒயரோடு புழங்குகிறேன், இது எனக்கு உறைத்ததில்லை. வலங்கைமான் வெடிக்குப் பேர்போன ஊர். அந்த ஒயரோடு பட்டாசு லோடு ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

ஹெட்லைட் மங்கலாக எரிந்ததற்கும் இந்த ஆம்ப் கணக்குதான் காரணம். ஹைபீமில் ரெண்டு பல்பும் சேர்ந்து 10 ஆம்ப். அவ்வளவும் இருபது வருஷத்து சுவிட்ச் வழியாகச் சுற்றிப் போகிறது. பேட்டரியில் 12.6 வோல்ட், பல்பு கப்ளரில் 10.4. ரெண்டு வோல்ட்தானே என்றேன். வோல்ட் அவ்வளவு இறங்கினாலே வெளிச்சம் பாதியாகிவிடுமாம். இப்போது ரெண்டு ரிலே போட்டிருக்கிறார். சுவிட்ச் ரிலேயைத் தட்டி எழுப்புவதோடு சரி, பல்புக்கான கரண்டு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேராகப் போகிறது. அதே பல்புதான், மாற்றவில்லை. குடமுருட்டிப் பாலத்தில் முதல் நாள் ராத்திரி ஹைபீம் போட்டபோது எதிரே வந்தவர் கையைக் காட்டித் திட்டிவிட்டுப் போனார்.

பழைய ஒயரை வெட்டி எறியாமல் முழுசாக உருவி, தார்ப்பாயில் விரித்தார். நடுவில் தண்டு, ரெண்டு பக்கமும் கிளை, அப்படியே தென்னங்கீற்று மாதிரி கிடந்தது. அதை அளவு வைத்துப் பலகையில் ஆணி அடித்து, புதுசைக் கட்டினார். ஹெட்லைட்டுக்கு 2.5 சதுர மில்லி, இண்டிகேட்டர், பார்க் லைட்டுக்கு 1, செல்ஃபுக்கு நல்ல தடிமனில் 35. எல்லாம் பல இழைச் செம்பு. எங்கேயும் கையால் முறுக்கிய ஜாயிண்ட் இல்லை, ஒயர் நுனியில் லக் என்கிற உலோக முனை வைத்து அழுத்தி, மேலே ஸ்லீவ் சுருக்கியிருக்கிறார். ஃபியூஸ் பாக்ஸ் புதுசு. சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20. எது எதற்கு என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். லேமினேட் செய்து டேஷ்போர்டு பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

என்னைக் கேட்டால், வாங்கிய காசுக்கு உண்மையான வேலை எர்த்தில்தான், கரண்டு பேட்டரி மைனஸுக்குத் திரும்புகிற இணைப்பில். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் மீட்டர் வைத்துக் காட்டினார், 1.6 வோல்ட். அதாவது திரும்பி வருகிற வழியிலேயே அவ்வளவு தொலைகிறது. வண்டியின் அடிச்சட்டமான சேஸில் பெயிண்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு முடுக்கி, மேலே வாசலின் தடவினார். இன்ஜினிலிருந்து சேஸுக்குப் பின்னல் செம்புப் பட்டை ஒன்று. மறுபடி அளந்தால் 0.2. செல்ஃப் மோட்டாரைத் தொடவே இல்லை, ஆனால் புது மோட்டார் மாதிரி சுற்றுகிறது. முன்பு பார்த்தவர் மோட்டாரை மாற்றச் சொல்லியிருந்தார்.

சாமான் ரூ.8,900, கூலி ரூ.8,500. கூலி அதிகம் என்று வீட்டில் முணுமுணுப்பு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எனக்குக் குறை வேறு இடத்தில். நாலு நாள் என்றார், ஒன்பது நாள் ஆனது. நடுவில் ரெண்டு முகூர்த்தம். வாடகை வண்டி பிடித்ததில் ரூ.5,000 கைவிட்டுப் போனது. போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போய் நிற்க வேண்டும். பின்பக்க விளக்குகளுக்கு வரும்போது கலர் ஒயர் தீர்ந்துபோய் எல்லாமே கறுப்பாகப் போட்டுவிட்டார். அடையாளத்துக்கு ஒட்டிய டேப் துண்டுகள் முதல் மழையிலேயே உதிர்ந்துவிட்டன. நாளைக்கு வேறு யாராவது கை வைத்தால் தலையைச் சொறிய வேண்டியதுதான். டேஷ்போர்டில் ரெண்டு ஸ்க்ரூ காணோம், கடகடவென்று ஆடுகிறது. பையனிடம் கேட்டால் சிரிக்கிறான்.

மாசியில் எஃப்.சி.க்கு, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்றிதழுக்குப் போனேன். எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷாவருஷம் காட்ட வேண்டும். விளக்கு விஷயத்தில் ஒரு கேள்வியும் இல்லாமல் வெளியே வந்தது இந்தத் தடவைதான். பங்குனியில் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பாடைக்காவடித் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே ரெண்டு நாள் ஓயாமல் ஓட்டினேன், ஒரு ஃபியூஸ் போகவில்லை. எல்லாம் அணைத்துவிட்டு அளந்தால் மீட்டர் இப்போது 0.02 ஆம்ப் காட்டுகிறது, அது பாட்டுப் பெட்டியின் கடிகாரத்துக்கு. எலிக்கு அவர் சொன்னபடி ராத்திரி பானட்டைத் தூக்கி வைக்கிறேன், வண்டியையும் வைக்கோல் போரிலிருந்து தள்ளி நிறுத்துகிறேன். கொட்டகை ஓரத்தில் எலிக்கிட்டியும் உண்டு, இதுவரை மூன்று எலி சிக்கியிருக்கிறது.

டீசல் மீட்டர் மட்டும் டேங்க் நிரப்பினாலும் பாதிக்கு மேல் ஏறாது. “அது டேங்குக்குள்ள இருக்கிற மிதவைக் கோளாறு தம்பி, ஒயர் இல்ல. என் கணக்குல வராது” என்று சொல்லிவிட்டார். கிலோமீட்டரைப் பார்த்து டீசல் போட்டுக்கொண்டிருக்கிறேன்.